ஹோல்டரின் மறுபக்கம்

அத்தியாயம் ஏழு

ஹாலிஸுக்கு இந்த உலகத்தில் உருப்படியாகத் தெரிந்த விஷயங்கள் இரண்டு. ஒன்று, கோவேறு கழுதை. இரண்டு, கோவேறு கழுதையைத் தவிர வேறு எதுவும் தனக்குத் தெரியாது என்பது. பதினோரு கோடைக்காலம் கழுதைகளின் முதுகில் அடுத்தவர் சாமான்களை ஏற்றி சியரா மலைக்குக் கொண்டுபோனான். கடைசியில் ஒரு கழுதை விலாவில் உதைத்து அவனுக்கு ஓய்வு கொடுத்தது. அதன்பின் மைத்தே எட்செவெரியிடம் உதவியாளாகச் சேர்ந்தான். துப்பறியும் தொழிலில் உதைப்பவர்கள் மனிதர்கள். குறி அவ்வளவு துல்லியமாக இருக்காது என்பதே அவனுக்கு ஆறுதல்.

மைத்தே இருபத்தேழு வருஷம் வனவிலங்குக் காவலராக இருந்த பெண்மணி. மான் திருடர்களை அவர்களுடைய செருப்பின் தேய்மானத்தை வைத்தே வீடு தேடிப்போய்ப் பிடித்தவர். ஓய்வு பெற்ற பிறகு சால்ட்கிராஸ் ஊரில் சும்மா இருக்க முடியாமல் இந்தத் தொழிலைத் தொடங்கினார்.

வியாழக்கிழமை, பதினொரு மணி. ஊரின் ஒரே சாப்பாட்டுக் கடையில் ஜன்னலோர மேஜை. மைத்தேயின் முன்னால் ஆறிப்போன காபியும் ஷெரிஃப் அலுவலகத்துக் காகிதங்களும். ஹாலிஸின் முன்னால் ஆப்பிள் பை. அவரவர் வேலையை அவரவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கோரா நம்மகிட்ட என்ன கேட்டா, சொல்லு" என்றார் மைத்தே, தலையை நிமிர்த்தாமல்.

"அவங்க அப்பா பொய் சொன்னாரா இல்லையா. சனிக்கிழமைக்குள்ள."

"ஏன் சனிக்கிழமை?"

"அன்னிக்குத்தான் அவங்க அம்மா அஸ்தியை ஏரியில கரைக்கிறா. அதை விட்டா பனி விழுந்து பாதை மூடிடும். அப்பா பொய் சொல்லலைன்னா கூட்டிட்டுப் போவா. சொல்லியிருந்தா ஏரிப் பக்கம் மட்டுமில்ல, இந்த ஜென்மத்துல தன் பக்கமே வரக் கூடாதுங்கறா. என்ன பாஸ், பரீட்சையா?"

"வாயில பை இருக்கும்போது மூளை ஓடுதான்னு பாத்தேன்."

"ஓடும். கொஞ்சம் இனிப்பா ஓடும்."

மைத்தே சிரிக்கவில்லை. இந்த வழக்கில் அவர் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. ஹாலிஸும் உள்ளுக்குள் சிரித்தபாடில்லை. வாய் பழக்கதோஷத்தில் பேசிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். கோராவின் அப்பா லோவல் ஆஸ்ட்ராண்டர் மலைகளைப் படம் எடுப்பவர். பெட்டிக்கடை அளவுக்குக் கேமரா, மூன்று கால் ஸ்டாண்டு, தலையோடு போர்த்திக்கொள்ளக் கருப்புத் துணி, ஒரு படத்துக்கு நோட்டுப் புத்தகம் அளவில் ஒரு ஃபிலிம் தாள் என்று நாற்பது வருஷமாக அதே வழியில் எடுப்பவர். போன அக்டோபரில் அவரும் மனைவி நெட்டியும் கெட்டில் ஏரிக் கரையில் கூடாரம் போட்டிருந்தார்கள். விடிகாலையில் அவர் துணிக்குள் தலையை விட்டார். நெட்டி வழக்கம்போல் நடக்கப் போனார். திரும்பி வரவில்லை.

மத்தியானம் மீட்புக் குழு போய்ச் சேர்ந்தபோது லோவல் கை காட்டினார். வலப் பக்கம், வடக்குக் கணவாய், என் கண்ணால் பார்த்தேன் என்றார். நாற்பது பேர் இரண்டு நாள் வடக்கே தேடினார்கள். மூன்றாம் நாள் காலையில் நெட்டி கிடைத்தார். இடப் பக்கம், தெற்குக் கணவாயின் அடியில், கால் உடைந்து பாறைகளுக்கு நடுவில். இரண்டு இரவும் உயிரோடு இருந்திருக்கிறார் என்று டாக்டர் எழுதியிருந்தார்.

அந்த நாற்பது பேரில் ஹாலிஸும் ஒருவன். இரண்டு கழுதைகளோடு வடக்குச் சரிவு முழுக்க நெட்டியின் பெயரைச் சொல்லிக் கத்தியிருந்தான். குரல் போய், ஒரு வாரம் சைகையில் பேசினான். ஊரே நிம்மதியாக இருந்ததாகச் சொல்லிக்கொண்டது. ஒரு மேடு தாண்டி அந்தப் பக்கம் போய்க் கத்தியிருந்தால் என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை.

"இதைப் பாரு" என்று மைத்தே ஒரு காகிதத்தைத் தள்ளினார். "முகாம்ல எடுத்த சாமான் பட்டியல். கடைசி வரி."

ஹாலிஸ் படித்தான். 'ஃபிலிம் ஹோல்டர் ஒன்று. திறந்து பார்க்கப்பட்டது. படம் எதுவும் இல்லை. உரியவரிடம் திருப்பித் தரப்பட்டது.'

"எங்க திறந்தாங்களாம்?"

"ஏரிக்கரையில. பட்டப்பகல்ல."

"அடப்பாவி. முட்டையை உடைச்சுப் பாத்துட்டு, கோழிக்குஞ்சு இல்லைன்னு எழுதி வெச்சிருக்கான். வெயில் பட்டா ஃபிலிம் அந்த நொடியே செத்துடும் பாஸ்."

"அப்ப அது போச்சு. விடு."

ஹாலிஸின் முள்கரண்டி பாதி வழியில் நின்றது. "எந்தப் பக்கம் திறந்தாங்க?"

"பக்கமா?"

"ஹோல்டர்ங்கறது ஃபிலிம் தாளைப் பிடிச்சிருக்கற தட்டைச் சட்டம். அதுக்கு ரெண்டு பக்கம். முன்னால ஒரு தாள், பின்னால ஒரு தாள். ரெண்டுக்கும் தனித்தனி மூடி. ஒண்ணைத் திறந்தா இன்னொண்ணுக்கு ஒண்ணும் ஆகாது." கரண்டியைக் கீழே வைத்தான். "இந்த ஆளுங்க ஒரே காட்சியை ரெண்டு தடவை எடுப்பாங்க. ஒரு தாள்ல எடுத்து, ஹோல்டரை உருவி, திருப்பிப் போட்டு, அதையே மறுபடியும். கழுவும்போது முதல் தாள் சொதப்பினா ரெண்டாவது கைவசம் இருக்குமே. பதினோரு வருஷம் பக்கத்துல நின்னு கொட்டாவி விட்டிருக்கேன். மலை எங்கயும் ஓடிடாதுங்கன்னு சொன்னாலும் கேக்க மாட்டாங்க. மாமியார் வீட்ல விடைபெறுற கதைதான், ஒரு தடவை சொல்லிட்டுக் கிளம்ப முடியாது."

மைத்தே அவனையே பார்த்தார். "அன்னிக்குத் தரை எப்படி இருந்தது?"

"புல்வெளி முழுக்க உறைபனி. வெளுத்து மாவு கொட்டின மாதிரி இருந்திருக்கும். எட்டு மணி வெயில்ல உருகிடும். நாங்க போனப்போ ஒரு தடயமும் இல்ல. சாயங்காலம் வேற பனி கொட்டிடுச்சு."

"உறைபனியில நடந்தா காலடி விழும்."

"விழும்."

"அந்தக் காலடி இப்ப உலகத்துல ஒரே ஒரு இடத்துலதான் இருக்கு." மைத்தே எழுந்து தொப்பியை மாட்டினார். "பையை முடிக்கிறியா, பொட்டலம் கட்டிக்கிறியா?"

ஹாலிஸ் இரண்டும் செய்யவில்லை. அதிலிருந்தே விஷயத்தின் கனம் தெரிந்தது.

*

லோவலின் வீட்டு வாசலில் நெடுஞ்சாலைத் துறையின் ஆரஞ்சு லாரி நின்றது. கோரா அதை ஓட்டித்தான் சாலையில் விழும் பனியைத் தள்ளுகிறவள். இருபத்தெட்டு வயது, அம்மாவின் தாடை. இயந்திரத்தை அணைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க போன் பண்ணினதால வந்தேன். கேட்டைத் தாண்டி வர மாட்டேன்" என்றாள்.

"வர வேணாம். இங்கயே இரு, ஒரு மணி நேரம்."

"உள்ள போய் அவர்கிட்டயே கேக்கப் போறீங்களா? ஒரு வருஷமா அதையேதான் சொல்றார். வடக்கே போனா, என் கண்ணால பாத்தேன். அம்மா தெற்கே கிடந்தா. அவர் கண்ணுக்கு என்ன கேடு?"

மைத்தே கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனார்.

கதவைத் திறந்த லோவலுக்கு அறுபத்து மூன்று வயது. சட்டை மட்டும் முன்பிருந்த ஆளின் அளவில் இருந்தது. சுவரெல்லாம் படங்களைக் கழற்றிய வெளிறிய சதுரங்கள். மைத்தே வந்த காரியத்தைச் சொன்னதும் அவர் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. சமையலறைக்குப் போய் ஃப்ரீசரைத் திறந்தார். உறைந்த மீன், பச்சைப் பட்டாணிப் பாக்கெட், அதற்கடியில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஹோல்டர்.

"இது இருக்குன்னு ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யாரும் கேக்கல. படம் இருக்கான்னு கேட்டாங்க. திறந்தாங்க. இல்லைன்னாங்க." அவர் பையைத் துடைத்தார். "நானே கழுவித் தரேன். பின்பக்கம் கார் ஷெட்டுதான் இருட்டறை."

அவர் முன்னால் நடக்க, ஹாலிஸ் மைத்தேயின் காதைக் கடித்தான். "பாஸ், பூனைகிட்டயே பாலைக் காய்ச்சக் குடுக்கறீங்களே."

"பூனை குடிக்கிறதா இருந்தா எப்பவோ குடிச்சிருக்கும். அந்தத் தாளைக் கெடுக்க என்ன பண்ணணும்?"

"மூடியை ஒரு நொடி இழுத்தாப் போதும்."

"ஒரு வருஷம் இருந்திருக்கு அந்த ஒரு நொடிக்கு. ஆனா பட்டாணிக்குக் கீழ பத்திரமா வெச்சிருக்கார். பொய் சொன்னவன் சாட்சியை ஃப்ரீசர்ல வெச்சு வளப்பானா?"

முதல் முடிச்சு அவிழ்ந்தது. ஹாலிஸுக்கு லேசாக மூச்சு வந்தது.

*

இருட்டறையின் இருட்டு, கண்ணை மூடினால் வருகிற இருட்டைப் போல அல்ல. மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான். ஹாலிஸ் ஏதோ ஒரு குழாயில் இடித்துக்கொண்டு, அதனிடம் மன்னிப்புக் கேட்டான்.

"தம்பி, அசையாம நில்லு" என்றது லோவலின் குரல். தாள் உருவப்படும் சரசரப்பு. பிறகு தட்டில் மருந்து மெல்ல அலையடிக்கும் ஓசை. "ஒன்பது நிமிஷம் ஆகும்."

"ஒன்பது நிமிஷம் பேசலாமே" என்றார் மைத்தே. "அன்னிக்கு என்ன பாத்தீங்க?"

"எல்லாம் எழுதிக் குடுத்திருக்கேன்."

"என் காதால கேக்கணும்."

அலை ஒரே சீராக அடித்துக்கொண்டிருந்தது. "சூரியன் வரல. நான் ஃபோகஸ் பண்ணிட்டிருந்தேன். நெட்டி புல்வெளியில குறுக்கால போனா. அவ அப்படித்தான், எந்தப் பக்கம் வெளிச்சம் நல்லா வருதோ அந்தப் பக்கம் போவா. முன்கூட்டியே சொல்ல மாட்டா. பாதி தூரத்துல நின்னு என்னைத் திரும்பிப் பாப்பா. இந்தப் பக்கம் போறேன், தெரிஞ்சுக்கோன்னு கையைத் தூக்குவா. அன்னிக்கும் தூக்கினா. வலது கை. கையில ஊன்றுகோல். அப்புறம் போயிட்டா."

"எங்க?"

"வடக்கே."

"வலது கை?"

"வலது கை." அலை ஒரு தடவை தப்பி, மீண்டும் சீரானது.

ஒன்பது நிமிஷம் எவ்வளவு நீளம் என்று ஹாலிஸ் அன்று தெரிந்துகொண்டான். வேடிக்கையாகச் சொல்ல நாலைந்து விஷயம் தொண்டை வரை வந்தது. இருட்டில் சொன்னால் யார் சொன்னது என்று தெரியாது என்ற தைரியம்கூட வந்தது. சொல்லவில்லை.

விளக்கு எரிந்தது. லோவல் ஈரத் தாளைக் கவ்வியில் மாட்டிக் கொடுத்துவிட்டுத் தட்டுகளைக் கழுவத் திரும்பினார். அவர் அதைப் பார்க்கவே இல்லை. ஹாலிஸ் வாங்கி விளக்கு வெளிச்சத்தில் பிடித்தான். நெகட்டிவ்வில் எல்லாம் எதிர்மாறு. வெள்ளைப் பனி கரியாக இருந்தது. அதன் நடுவே, பொடி நட்சத்திரங்களைக் கோத்தது மாதிரி ஒரு வரி.

காலடிகள்.

"பாஸ்." அவன் குரல் உடைந்தது. "வலப் பக்கம். வலப் பக்கம்தான் போகுது. இவர் சொன்னதுதான் சரி. அவங்க வடக்கேதான் போயிருக்காங்க. அப்புறமா மனசு மாறி எங்கயோ சுத்திட்டு வந்து தெற்கே..."

ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்த பாறை நகர்ந்தது. நான் கத்தியது சரியான பக்கம். என் மேல் தப்பில்லை. யார் மேலும் தப்பில்லை.

ஈரமான ஒரு கை அவன் தோளுக்கு மேலாக நீண்டு, அந்தத் தாளைப் பிடித்து, மெதுவாகத் திருப்பியது.

"பளபளப்புப் பக்கம் உன்னைப் பாத்து இருக்கணும் தம்பி" என்றார் லோவல். "நீ பின்பக்கமாப் பாத்துட்டே. ஓரத்துல சின்னதா வெட்டு இருக்கு பாரு, இருட்டுலயும் தடவித் தெரிஞ்சுக்க. இதுதான் சரியான பக்கம்."

காலடிகள் இடப் பக்கம் போயின. தெற்கே. வளையாமல், தயங்காமல், தெற்கே.

ஹாலிஸ் தாளைப் பார்க்கவில்லை, அந்தக் கையைப் பார்த்தான். சும்மா இருந்திருந்தால் தப்பித்திருப்பார். ஒரு கழுதைக்காரனின் முட்டாள்தனம் அவரைக் காப்பாற்றியிருக்கும். அவரே வந்து திருப்பிவிட்டார்.

மைத்தே சட்டைப் பையிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக் குனிந்தார். "பாதி தூரத்துல நின்னிருக்கா. ஒரே இடத்துல காலை மாத்தி மாத்தி மிதிச்சிருக்கா, குளிருக்கு. கொஞ்ச நேரம் இல்ல, நல்ல நேரம். எதுக்கோ காத்திருந்திருக்கா. அப்புறம் நேரா தெற்கே."

"கோராகிட்டக் காட்டுங்க" என்றார் லோவல், முதுகைக் காட்டியபடி. "அவ கேட்டது கிடைச்சிடுச்சு."

*

கோரா லாரியின் கண்ணாடி வழியாகத் தாளைப் பார்த்தாள். இந்தத் தடவை ஹாலிஸ் சரியான பக்கம் பிடித்திருந்தான்.

"தெற்கு" என்றாள். "அப்ப பொய்." கியரில் கையை வைத்தாள். "நன்றி. நான் கிளம்பறேன்."

"இன்னும் ரெண்டு நிமிஷம்" என்றார் மைத்தே. "அன்னிக்கு உங்க அம்மாவுக்கு எந்தக் கை கட்டுப் போட்டிருந்தது?"

"இடது. செப்டம்பர்ல ஏணியிலேர்ந்து விழுந்தா. மணிக்கட்டு. அந்தக் கையில ஒரு ஸ்பூன்கூடப் பிடிக்க முடியல. ஏன்?"

"ஊன்றுகோல்?"

"பிடிக்கவே முடியாது."

மைத்தே வாக்குமூலத்தைப் பிரித்துக் கொடுத்தார். "நாலாவது வரி. சத்தமாப் படி."

கோரா படித்தாள். "'பாதி தூரத்தில் நின்று திரும்பி, ஊன்றுகோலைப் பிடித்திருந்த இடது கையைத் தூக்கிக் காட்டினாள்.'" நிமிர்ந்தாள். "இது தப்பு."

"தப்புதான். ஆனா யோசி. அம்மா எந்தப் பக்கம் போனான்னு மறைக்கணும்னா, ஒருத்தன் வழியை மாத்திச் சொல்லுவான். கையை எதுக்கு மாத்தணும்? பொய் சொல்றவன் ஒண்ணை மட்டும்தான் மாத்துவான். இவர் எல்லாத்தையுமே மாத்தியிருக்கார். வலம் இடமாச்சு, இடம் வலமாச்சு. மொத்த உலகமே திரும்பி நின்னிருக்கு. அப்படி ஒரு உலகத்தை எங்க பாக்க முடியும்? ஹாலிஸ், உன் டிபார்ட்மெண்ட்."

ஹாலிஸ் தொண்டையைச் செருமினான். தனக்குத் தெரிந்த விஷயம் இரண்டுதான் என்று நினைத்திருந்தான். மூன்றாவது ஒன்று இருந்தது. அது தெரியாமலே இருந்திருக்கலாம்.

"கேமராவுக்குப் பின்னால ஒரு பால் கண்ணாடி இருக்கும், கோரா. துணிக்குள்ள தலையை விட்டு அதைத்தான் பாப்பாங்க. அதுல எல்லாம் தலைகீழா விழும். இடம் வலமும் மாறி விழும். நான் ஒரு தடவை எட்டிப் பாத்தேன், மயக்கம் வந்துடுச்சு. ஆனா பழகினவங்களுக்குத் தலைகீழ்னே தோணாதாம். மூளை தானா நிமிர்த்திக்குமாம்." நிறுத்தினான். "மேல கீழதான் நிமிர்த்தும். இடம் வலத்தை அப்படியே விட்டுடும். மலையைப் படம் எடுக்க அது தேவையில்லையே."

கோராவின் கை கியரிலிருந்து நழுவியது.

"அவர் அம்மாவை நேர்ல பாக்கல. கண்ணாடியில பாத்திருக்கார். வெளிய வந்தப்போ அவங்க இல்ல. தேட ஆரம்பிச்சப்போ உறைபனி உருகி, காலடியும் இல்ல. பதறிப்போய், பாத்ததைப் பாத்தபடி சொல்லிட்டார்."

லாரியின் இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. கோரா அதை அணைத்தாள்.

"அப்ப அவர் பொய் சொல்லல."

"அன்னிக்குச் சொல்லல" என்றார் மைத்தே.

"அன்னிக்குன்னா?"

"இன்னிக்குச் சொன்னார். இப்ப, உள்ள, இருட்டுல. அம்மா தூக்கினது வலது கைன்னார். போன வருஷம் இடதுன்னு எழுதிக் குடுத்தவர். நடுவுல எப்பவோ அவருக்கே புரிஞ்சிருக்கு. கையைச் சரியாத் திருத்திட்டார். ஆனா வழியை மட்டும் திருத்தல. தெரிஞ்சுக்கிட்டே வடக்குன்னார்."

"ஏன்? தெரிஞ்சப்புறம் எதுக்குப் பொய் சொல்லணும்?"

"நான் காலடி படிக்கிறவ, கோரா. அது காலடியில இல்ல."

கோரா கதவைத் திறந்து இறங்கினாள். கேட்டருகே ஒரு கணம் நின்றாள். பிறகு தாண்டினாள்.

*

லோவல் தட்டுகளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்ததும் கையைத் துடைக்க எதையோ தேடினார். கிடைக்கவில்லை.

"எப்பத் தெரியும்?" என்றாள் கோரா.

அவர் வாசலில் நின்ற மைத்தேயைப் பார்த்தார். மறைக்க இனி ஒன்றுமில்லை என்று அந்த முகத்திலேயே எழுதியிருந்தது.

"பிப்ரவரியில. வேலியில பனி அழகா இருந்தது. கேமராவை எடுத்து வெச்சேன், அம்மா போனப்புறம் முதல் தடவையா. பக்கத்து வீட்டு நாய் கண்ணாடியில குறுக்கால போச்சு. துணியை விட்டு வெளிய வந்து, அதைக் கூப்பிடலாம்னு வலப் பக்கம் திரும்பினேன். அது இடப் பக்கம் நின்னு என்னைப் பாத்துச்சு." அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "அங்கயே உக்காந்துட்டேன். நாய் வந்து முகத்தை நக்குது. எழுந்திருக்க முடியல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்ல? உங்க அம்மா ரெண்டு ராத்திரி குளிர்ல கிடந்தது ஒரு பழக்கத்தாலன்னா? நீ என் மேல கோபமா இருந்தே. கோபத்துல வேலைக்குப் போனே. சாப்பிட்டே. கதவை அறைஞ்சு சாத்தினே. பொய்யனை வெறுக்கலாம், கோரா. அதுல ஒரு பிடிமானம் இருக்கு. இதைச் சொன்னா நீ எதைப் பிடிச்சுக்குவே?"

"எனக்கு எது வேணும்னு நீ எப்படி முடிவு பண்ணலாம்?"

லோவல் ஒரு தட்டை எடுத்து, மறுபடியும் அதே இடத்தில் வைத்தார்.

"பொய்யா இருந்திருந்தாத் தேவலை" என்றாள். அவள் குரல் மிகத் தாழ்ந்துவிட்டது. "பொய்யா இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்ப்பா."

"தெரியும்மா."

ஒரு வருஷத்தில் முதல் 'அப்பா'. இருவருமே அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஹாலிஸ் கவனித்தான். அவன் பார்க்கத் தோதாக அங்கே ஒரு பூட்டு இருந்தது. அதை உன்னிப்பாகப் பார்த்தான்.

கோரா நெகட்டிவ்வை விளக்கருகே பிடித்தாள். பாதி தூரத்தில், மிதித்து மிதித்துக் கலைந்த அந்தச் சின்ன வட்டத்தில் அவள் விரல் நின்றது.

"அம்மா இங்க நின்னு கை தூக்கியிருக்கா."

"ஆமா."

"எதுக்கு இவ்ளோ நேரம் நின்னா?"

லோவல் அவள் விரலைப் பார்த்தார். "நானும் தூக்குவேன். பாத்துட்டேன்னு. அதுக்கப்புறம்தான் போவா."

"நீ தூக்கலையா?"

"தூக்கினேன்." அவர் வலது கையை இடுப்பளவுக்கு உயர்த்தினார், அங்கேயே நிறுத்தினார். "துணிக்குள்ள. கண்ணாடியில அவ அவ்வளவு கிட்டக்க இருந்தா. துணிக்குள்ள இருக்கோம்னே தோணல. தூக்கினேன். அவ ஏன் இன்னும் நிக்கிறான்னு நினைச்சேன். போய்த் தொலையேன், வெளிச்சம் வரப் போகுதேன்னு நினைச்சேன்."

குழாயில் ஒரு சொட்டு திரண்டு, தொங்கி, விழுந்தது. மைத்தே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஹாலிஸ் வேடிக்கைப் பேச்சு எதையும் தேடிக்கூடப் பார்க்கவில்லை.

கோரா தாளைக் கம்பியில் மாட்டினாள். முகத்தைச் சட்டைக் கையால் ஒரு இழுப்பில் துடைத்தாள். அவள் பேசியபோது அது லாரி ஓட்டுகிறவளின் குரலாக இருந்தது.

"சனிக்கிழமை விடிகாலை நாலு மணிக்கு வருவேன். தயாரா இரு."

லோவல் அவளைப் பார்த்தார். புரியவில்லை என்பதைப் போலப் பார்த்தார்.

"கேமரா வேணாம்."

"வேணாம்."

"தெற்குக் கணவாய் வழியாத்தான் போறோம், அம்மா போன வழியில. நான் முன்னால போவேன். நீ என் முதுகைப் பாத்துட்டே வா. வேற எங்கயும் பாக்காதே."

"சரிம்மா."

வாசல் வரை போனவள் நின்றாள். திரும்பவில்லை.

"நடுவுல நான் நின்னு திரும்பிப் பாப்பேன். கை தூக்கணும். எனக்குத் தெரியற மாதிரி."

லோவல் அங்கேயே, கழுவுதொட்டியின் பக்கத்திலேயே, மருந்து சொட்டும் கையைத் தலைக்கு மேலே தூக்கினார். அவள் திரும்பிப் பார்க்கும்வரை இறக்கவில்லை.